பழைய மருந்துக் குப்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரி நிறைய மருந்துக் குப்பிகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சென்னைக் காற்றிலும் சென்னைத் தண்ணீரிலும் இந்தக் கண்ணாடிகளைக் காப்பாற்ற நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

வெறும் பழைய பாட்டில்தானே? இதில் சேகரிக்க என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலிருந்தே காலி பாட்டிலைக் கழுவி எடுத்துப்போன கதையைச் சொல்வார். வரிசையில் நின்று பாட்டிலை நீட்டினால், ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்பவுண்டர் சிவப்பு மிக்சரையோ வெள்ளை மிக்சரையோ ஊற்றித் தருவார். தெருமுனை டாக்டரின் டிஸ்பென்சரியில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு காகிதத் துண்டை மடித்து, ஓரத்தைக் கத்தரித்து, விரித்துப் பாட்டிலின் பக்கத்தில் நெடுக ஒட்டிவிடுவார் கம்பவுண்டர். ரம்பப் பல் போலத் தெரியும் அந்தப் பட்டையில் ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை மருந்து. எழுத்துத் தெரியாத பாட்டியும் அதைப் பார்த்துப் பேரனுக்குச் சரியான அளவு கொடுத்தாள்.

அந்தக் காகிதப் பட்டை கிழியாமல் ஒட்டியிருக்கும் சாதாரணக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த நீலக் குப்பி பத்தைக் கொடுத்தாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். கண்ணாடி எந்தத் தொழிற்சாலையிலும் வார்க்கப்பட்டிருக்கலாம். அந்தப் பட்டையை வெட்டிய கை இந்த ஊர்க் கை. நான் தேடுவது அந்தக் கையின் தடயத்தை.

எந்தெந்தப் பொருள்கள் இந்தச் சேகரிப்பில் சேரும்?

மருந்துக்கடை அலமாரியில் அணிவகுத்து நின்ற, கண்ணாடி மூடி போட்ட கனமான குப்பிகள் முதலில் வரும். திரவத்துக்கு ஒடுங்கிய கழுத்து, பொடிக்கும் உப்புக்கும் அகன்ற வாய். அடுத்து, நோயாளியின் கையில் கொடுத்தனுப்பிய தட்டையான மிக்சர் பாட்டில்கள். பிறகு, கம்பெனிப் பெயரோடு விற்பனைக்கு வந்த தயார் மருந்துப் புட்டிகள். இவற்றோடு அவுன்ஸ் கிளாஸ், கண் கழுவும் கிண்ணம், கண்ணாடிக் கல்வமும் குழவியும், களிம்பு வைத்த பீங்கான் டப்பி எல்லாம் சேரும். மேலைநாட்டு மருந்துக்கடைகள் வண்ணநீர் நிரப்பி ஜன்னலில் வைத்த பெரிய கண்ணாடிக் கோளங்களும் உண்டு. அவை இங்கே கிடைப்பது மிக அரிது.

அவுன்ஸ் கிளாஸைத் தவறவிடாதீர்கள். அதில் 3 என்ற எண்ணைப் போலத் தெரியும் குறி டிராம். அதன் தலையில் இன்னொரு வளைவு கூடினால் அவுன்ஸ். 60 மினிம் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், பிரிட்டிஷ் அவுன்ஸ் என்றால் சுமார் 28.4 மில்லிலிட்டர். மில்லிலிட்டர் கோடே இல்லாமல் இந்தக் குறிகள் மட்டும் இருந்தால், 1960களில் மெட்ரிக் முறை நிலைப்பதற்கு முந்தைய கிளாஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு குப்பியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஊதி முடித்த பாட்டிலை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயைச் செய்த காலத்தில், கம்பியை உடைத்தெடுத்த இடத்தில் கரடுமுரடான வடு நின்றுவிடும். பிறகு இடுக்கி போன்ற பிடிப்பான் வந்ததும் வடு மறைந்தது. சாதாரணப் பாட்டில்களில் இந்த மாற்றம் 1860களை ஒட்டி நடந்தது.

அடுத்து, பக்கவாட்டில் நகத்தை ஓட்டி அச்சுக்கோட்டைத் தேடுங்கள். கோடு கழுத்தோடு நின்று, வாய் மட்டும் வழவழப்பாக இருந்தால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். கோடு கழுத்தைக் கடந்து வாயின் விளிம்புவரை ஏறினால் அது இயந்திரம் செய்தது. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கி பாட்டில் இயந்திரம் 1900களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதனால் கோடு விளிம்பைத் தொடும் பாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியதாக இருப்பது அரிது.

இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியச் சிறு தொழிற்சாலைகளில் வாயால் ஊதிக் கையால் முடிக்கும் முறை அதன்பின் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஃபிரோசாபாத்தில் இன்றும் ஊதுகிறார்கள். ஆகவே கையால் செய்த குப்பி என்பதால் மட்டும் அது விக்டோரியா காலத்தது என்று முடிவு கட்ட முடியாது. குமிழி இருக்கிறது, கோணல் இருக்கிறது, அதனால் நூற்றைம்பது வருடம் என்று விற்பவர் சொன்னால் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, லேபிலைப் பாருங்கள்.

நம் ஊர்க் குப்பிக்கு லேபில்தான் ஜாதகம். பி.பி. என்ற எழுத்துகள், மருந்துகளின் தரத்தை வகுத்துச் சொல்லும் பிரிட்டிஷ் மருந்து நூலைக் குறிப்பவை. அதன் முதல் பதிப்பு 1864. ஐ.பி. என்றிருந்தால் இந்திய மருந்து நூல். முதல் பதிப்பு 1955. விலை அணாவில் அச்சாகியிருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முன், ஏனென்றால் அப்போதுதான் நயா பைசா வந்தது. முகவரியில் மெட்ராஸ்-1 என்று அஞ்சல் வட்ட எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பின்கோடு வருவதற்கு முன், ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1969ஐ ஒட்டியோ அதன் பின்னரோ. சென்னை என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் 1996க்குப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. கம்பவுண்டர்கள் பாட்டிலைத் தூக்கி எறிந்ததில்லை. கழுவிக் கழுவிப் புழங்கினார்கள். லேபில் காட்டுவது கடைசிப் புழக்கத்தின் காலம். கண்ணாடி அதைவிட மூத்ததாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

நிறங்களுக்கு ஏதாவது பொருள் உண்டா?

பழுப்பு நிறத்துக்கு உண்டு. இரும்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்து கண்ணாடிக்குத் தேன் நிறம் தருகின்றன. புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் அது தடுப்பதால் வெளிச்சத்தில் கெடும் மருந்துகள் அதில் நின்றன. இன்றைய டானிக் பாட்டிலும் அதனால்தான் பழுப்பு. ஆழ்ந்த நீலம் கோபால்ட் தருவது.

வெளிர் ஊதா தனிக்கதை. மணலில் இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயல் கொடுக்கும். அதைப் போக்க மாங்கனீஸ் சேர்த்தார்கள். அப்படித் தெளிய வைத்த கண்ணாடி வருடக்கணக்கில் வெயில் பட்டால் மெல்ல ஊதாவாக மாறுகிறது. மொட்டைமாடியிலோ பின்கட்டிலோ கிடந்த பாட்டிலில் ஒரு பக்கம் மட்டும் ஊதா ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதே தெரியும். ஆனால் கத்தரிக்காய் நிறத்தில், எல்லாப் பக்கமும் ஒரே அடர்த்தியாக இருந்தால் செயற்கைக் கதிர்வீச்சில் வைத்து நிறமேற்றியிருப்பார்கள். அதை நான் வாங்குவதில்லை.

ஆறு பட்டை வைத்த நீலப் பாட்டிலில் வரிவரியாக மேடு இருக்கிறது. அலங்காரமா?

இல்லை, அது விஷத்துக்கான பாட்டில். மின்விளக்கு இல்லாத இரவில், மெழுகுவர்த்தி அணைந்த பிறகு, தலைமாட்டில் கைநீட்டி எடுப்பவரின் விரலுக்கு அந்த மேடு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனில் பரவிய வழக்கம். உட்கொள்ளத் தகாதது என்ற பொருளில் நாட் டு பி டேக்கன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். வாசிக்க முடியாதவரையும் வாசிக்க முடியாத நேரத்தையும் எண்ணிச் செய்த பாட்டில் இது. நம் கம்பவுண்டரின் காகிதப் பட்டையோடு என் அலமாரியில் இதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

லேபிலில் இருக்கும் லத்தீன் சுருக்கங்களை எப்படிப் படிப்பது?

கொஞ்சம் பழகினால் போதும். டி.ஆர். என்றால் டிங்சர், அதாவது சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு. ஏ.க்யூ. என்றால் நீர், ஓ.எல். என்றால் எண்ணெய். பல்வ் என்று தொடங்கினால் பொடி, சிர் என்றால் சர்பத்து, உங் என்றால் களிம்பு, ராட் என்றால் வேர், கார்ட் என்றால் பட்டை. இறுதியில் வரும் சி.ஓ. என்பதைக் கம்பெனி என்று படித்துவிடாதீர்கள். பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்து என்று அதற்குப் பொருள்.

இந்தச் சுருக்கங்களை விரிக்க விரிக்க எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். ஓலியம் ரிசினி என்று பொன்னெழுத்தில் மின்னுவது நம் விளக்கெண்ணெய். அக்வா அனெதி என்பது சதகுப்பைத் தண்ணீர். குழந்தைகளுக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரின் அடிப்படை அது. ஏலக்காய் டிங்சர் உண்டு, சுக்கு டிங்சர் உண்டு, எட்டிக்கொட்டை நக்ஸ் வாமிகா என்ற பெயரில் உண்டு. நிலாவாரை இலைக்கு லண்டன் வணிகத்திலேயே டின்னவேலி சென்னா என்று பெயர். திருநெல்வேலிச் சீமையில் விளைந்தது அந்த ஊரின் பெயரையே சுமந்து கப்பலேறி, லத்தீன் லேபில் ஒட்டிக்கொண்டு மவுண்ட் ரோடு கடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக்கடையில் சாக்கில் கிடந்ததும், வெள்ளைக்காரர் மருந்துக்கடையில் கண்ணாடிக்குள் நின்றதும் பல சமயம் ஒரே சரக்குதான்.

மெட்ராஸ் என்று பொறித்த பாட்டில் கிடைத்தால்?

விடாதீர்கள். விரிசல் இருந்தாலும் வாங்குங்கள். இந்த ஊரில் மருந்து வணிகம் எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதற்கு அண்ணா சாலையில் ஒரு சாட்சி நிற்கிறது. பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று நாம் சொல்லும் கர்டைல் கட்டடத்தை 1897இல் எழுப்பியது டபிள்யூ. ஈ. ஸ்மித் அண்ட் கம்பெனி என்ற மருந்து நிறுவனம். கோபுரமும் வளைவுமாக அப்படி ஒரு மாளிகையை ஒரு மருந்துக்காரர் கட்டினார் என்றால், உள்ளே எத்தனை ஆயிரம் குப்பி புழங்கியிருக்கும்! 2006இல் அதை இடிக்கத் தொடங்கியபோது மரபுக் காப்பாளர்கள் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். கட்டடத்துக்காவது வழக்குப் போட ஆள் இருந்தது. அதற்குள் இருந்த குப்பிகளுக்கு யாரும் இல்லை. அதனால்தான் பெயர் பொறித்த ஒரு சில்லுகூட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உள்ளூர்ப் பெயர்களில் எளிதாகக் கிடைப்பது அமிர்தாஞ்சன். 1893இல் பம்பாயில் தொடங்கி, பிறகு மெட்ராஸுக்கு வந்து மயிலாப்பூரோடு ஒன்றிப்போன தைலம். அந்தச் சிறு கண்ணாடிச் சிமிழ்களிலேயே காலத்துக்குக் காலம் மூடியும் எழுத்தும் மாறியிருக்கின்றன. அதிகம் செலவழிக்காமல் தொடங்க நினைப்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

கோலி சோடா பாட்டிலைச் சேர்த்துக்கொள்ளலாமா?

மருந்துப் பாட்டில் அல்ல, ஆனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உலகின் பெரும்பகுதி கைவிட்ட பிறகும் தமிழ்நாடு கைவிடவில்லை. இப்போதும் புதிதாகச் செய்கிறார்கள் என்பதால் பழையது என்று நம்பி அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

சென்னையில் எங்கே தேடுவது?

மூர் மார்க்கெட் இருந்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை என்று மூத்த சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். 1985 தீயில் அது போனது. இன்று நான் போகும் இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் நமக்கும் பொறுமை போய்விடும், நல்ல பொருளும் கைமாறிவிடும். தரையில் விரித்த சாக்கில் மிக்சி ஜாருக்கும் பழைய பூட்டுக்கும் நடுவே தேட வேண்டும்.

அதைவிட நல்ல இடம் உங்கள் பேட்டையில் உள்ள காயலான் கடை. பழைய வீட்டை இடிக்கும்போதும், டிஸ்பென்சரியை மூடும்போதும் சாமான் முதலில் போவது அங்கேதான். கடைக்காரருக்குக் கண்ணாடி என்றால் எடை மட்டுமே. இந்த மாதிரி வந்தால் உடைக்காமல் எடுத்து வையுங்கள், எடை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி தவறாமல் கொடுங்கள். என் சேகரிப்பில் பாதி அப்படி வந்தது. காரைக்குடி போகிறவர்கள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சீசாக்கள் அங்கே உண்டு. விலையும் அதற்குத் தகுந்தபடி இருக்கும்.

கூவத்தின் கரையிலும் கட்டுமானப் பள்ளங்களிலும் இறங்கித் தோண்டாதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டுவது குற்றம். மற்ற இடங்களில் உயிருக்கே ஆபத்து.

உள்ளே மருந்து இன்னும் இருக்கிறது. என்ன செய்வது?

திறக்காதீர்கள். முகராதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

அந்தக் காலத்து மருந்துக்கடையில் ஆர்சனிக் கரைசலும் ஸ்ட்ரிக்னின் கரைசலும் சாதாரணச் சரக்கு. ஹைட்ரார்க் என்று தொடங்கும் லேபில் எல்லாம் பாதரசம். ஓபியம் டிங்சர் கையில் இருந்தால் 1985 போதைப்பொருள் சட்டமும் குறுக்கே வரும். இந்திய ராணுவத்தில் இருந்த காலிஸ் பிரவுன் என்ற மருத்துவர் காலராவுக்காக உருவாக்கிய குளோரோடைனில் அபினும் கஞ்சாவும் குளோரோஃபார்மும் சேர்ந்திருந்தன. அந்தச் சின்னப் புட்டி வீட்டு அலமாரிகளில் சர்வசாதாரணமாக இருந்தது.

விஷத்தைவிட எனக்கு அச்சம் தருவன இரண்டு. ஒன்று பிக்ரிக் அமிலம். தீக்காயத்துக்குப் போட்ட மஞ்சள் மருந்து. ஈரம் உலர்ந்து படிகமாகிவிட்டால் உராய்வுக்கே வெடிக்கும். மற்றொன்று ஈதர். பல்லாண்டு நின்ற ஈதரில் பெராக்சைடு சேர்ந்து, மூடியைத் திருகினாலே வெடிக்கக்கூடும். மஞ்சள் படிகமோ, மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவோ தெரிந்தால் குப்பியைத் தொடாமல், அசைக்காமல், வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள்.

மற்ற மிச்சங்களைச் சாக்கடையிலோ கழிவறையிலோ கொட்டக் கூடாது. ஒன்றோடு ஒன்று கலக்கவும் கூடாது. பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்த பொருள்கள். கையுறை போட்டு, குப்பியை நிமிர்த்தியபடி ஒரு பிளாஸ்டிக் வாளியில் மணல் பரப்பி வைத்து, குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி, வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவர் ஒருவரிடம் காட்டி ஆலோசனை கேளுங்கள். உள்ளே சரக்கு இருக்கும் குப்பியை நான் இப்போது வாங்குவதே இல்லை.

எப்படிக் கழுவ வேண்டும்?

முதலில், கழுவ வேண்டுமா என்று யோசியுங்கள். நான் வாங்கிய முதல் குப்பியில் கறைபடிந்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்துவிட்டேன். காலையில் தண்ணீரில் மிதந்த கூழில் இரண்டு தமிழ் எழுத்துகளை மட்டும் படிக்க முடிந்தது. ஒரு மனிதர் பேனாவைத் தொட்டு எழுதிய பெயர் அது. யாருடைய பெயர் என்று இனித் தெரியப்போவதில்லை. இருபது வருடமாகியும் அந்த வருத்தம் போகவில்லை. காகிதம் ஒட்டிய குப்பியை நனைக்கவே நனைக்காதீர்கள். மென்மையான காய்ந்த தூரிகை போதும்.

லேபில் இல்லாத, உள்ளே எதுவும் இல்லாத குப்பியைத்தான் கழுவலாம். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம், ஒரு பிடி பச்சரிசி. வாயை மூடிச் சுழற்றினால் மூலையில் உள்ள அழுக்கும் வந்துவிடும். மணல் போடாதீர்கள், கீறும். கொதிநீரும் வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவுக்கு வினிகரை ஒரு நாள் ஊற்றி வையுங்கள். கடைசி அலசலுக்கு நம் வீட்டு போர் தண்ணீர் உதவாது. காய்ந்ததும் அதுவே புதிதாக உப்புத் திரை போட்டுவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கல் போகவில்லை என்றால் அது அழுக்கு இல்லை. ஈரத்தில் கண்ணாடியின் கார உப்பு கசிந்து மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. கழுவித் தீராது. விற்பவர்கள் சிலர் உள்ளே எண்ணெய் தடவி இதை மறைப்பார்கள்; சுத்தமான துணி சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்தால் தெரிந்துவிடும்.

கண்ணாடி மூடி சிக்கிக்கொண்டது. எப்படித் திறப்பது?

காலிக் குப்பி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் முயலுங்கள். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் இரண்டு சொட்டுக் கிளிசரின் விட்டு இரண்டு மூன்று நாள் சும்மா விட்டுவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான துணியைக் கழுத்தில் மட்டும் சுற்றி, மரக்கரண்டியால் மூடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் தட்டுங்கள். கொறடு போட்டுத் திருகினால் கழுத்து போய்விடும். திறந்த பின் மூடிக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டு வையுங்கள். அந்த மூடியையும் வேறு குப்பியோடு மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் அதன் கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்தியது. சிலவற்றில் மூடியிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள்.

போலியை எப்படி அறிவது?

அடிப்பக்கத்தைப் பாருங்கள். நூறு வருடம் பலகையில் ஏறி இறங்கிய குப்பியின் அடியில் நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தது ஒரே திசையில் ஓடும். லேபில் பழுப்பாக இருந்தும் அதன் ஓரங்கள் கண்ணாடியோடு படியாமல் தூக்கி நின்றால் சந்தேகப்படுங்கள். ஒரே அச்சில் ஒரே நிறத்தில் பத்துக் குப்பி ஒரு கடையில் வரிசையாக இருந்தால் கேள்வியே வேண்டாம். அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்து விற்பதில் தவறில்லை. பழையது என்று சொல்லி விற்பதுதான் தவறு.

விலை?

எனக்கு என்று ஒரு முறை வைத்திருக்கிறேன். காகிதமோ கையெழுத்தோ இருந்தால் பேரம் பேசுவதில்லை. இல்லாவிட்டால் வெறும் கண்ணாடியின் விலைக்குமேல் அதிகம் கொடுப்பதில்லை. கம்பவுண்டர் குடும்பத்தாரிடம் வாங்கும்போது காயலான் கடை விலை சொல்லாதீர்கள். பொருளின் மதிப்பை அவர்களிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள். அப்போதுதான் அந்த வீட்டு அம்மா உள்ளே போய், மூட்டை கட்டி வைத்திருக்கும் மருந்துச்சீட்டுப் புத்தகத்தையும் எடுத்துவந்து காட்டுவார்.

வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

நூறு வருடத்தைக் கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. அதற்கு இளைய பொருளானாலும் சுங்கத்தில் கேள்வி வரலாம். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

சென்னை வீட்டில் எங்கே வைப்பது?

பரணில் வேண்டாம். ஜன்னல் விளிம்பிலும் வேண்டாம். வெயில் லேபிலை வெளுக்க வைத்துவிடும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, ஐப்பசி கார்த்திகையில் அவற்றை அடிக்கடி மாற்றுங்கள். காகிதத்துக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி வெள்ளிப்பூச்சி; பின்பலகையை மாதம் ஒருமுறை பாருங்கள். லேபில் உள்ளவற்றை ஒருபோதும் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் நண்பர் ஒருவரின் கீழ்த்தட்டு முழுவதும் தண்ணீரில் நின்றது. குப்பி ஒன்றும் உடையவில்லை, எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை.

கழுவிச் சுத்தம் செய்த குப்பியில் குடிநீரோ எண்ணெயோ வைக்கலாமா?

கூடாது. பூ வையுங்கள்.

தாத்தாவின் டிஸ்பென்சரி பூட்டியபடியே இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் நகர்த்தாமல் படம் எடுங்கள். கம்பவுண்டரின் கை எது எங்கே இருக்கும் என்று பார்க்காமலே போய் எடுத்த வரிசை அது. விஷக் குப்பிகள் தனித்தட்டில் இருக்கும். அடிக்கடி எடுத்தவை இடுப்பு உயரத்தில் இருக்கும். ஒருமுறை கலைத்துவிட்டால் அந்த வரிசையை யாராலும் திரும்பச் சொல்ல முடியாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தத் தட்டு, லேபிலில் என்ன எழுத்து, யார் கையெழுத்து, உள்ளே என்ன மிச்சம். எண்ணைக் குப்பியில் எழுதாமல், நூலில் கட்டிய அட்டையில் எழுதுங்கள். மருந்துச்சீட்டுப் புத்தகத்தில் நோயாளிகளின் பெயரும் நோயும் இருக்கும். அதை யாருக்கும் விற்காதீர்கள், படமெடுத்துப் பரப்பாதீர்கள்.

அங்கே வேலை செய்த கம்பவுண்டர் உயிரோடு இருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவரை அழைத்துவந்து அந்த அலமாரியின் முன் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஐயா, இந்தச் சிவப்பு மிக்சரில் என்னென்ன போடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கையில் கொடுத்து, அந்தப் பட்டையை எப்படி மடித்து வெட்டுவார் என்று காட்டச் சொல்லுங்கள்.